நாற்புறமும் சூடு: ஓவனுக்கு ஏற்ற பாத்திரம் எது?

அடுப்பில் ஏற்றிய பாத்திரத்துக்குத் தீ அடியில் மட்டுமே படுவதால், வாணலியின் கைப்பிடியும் மூடியின் குமிழும் ஓரளவு சூடு குறைந்தே இருக்கின்றன. ஓவனிலோ மேலும் கீழும் உள்ள சூட்டுக் கம்பிகளும் அடைபட்ட வெப்பக் காற்றும் பாத்திரத்தை நாற்புறமும் சூழ்வதால், விளிம்பு, பிடி, பூச்சு, குமிழ் ஆகிய அனைத்தும் ஓவனின் வெப்பநிலையை நோக்கி ஏறிவிடுகின்றன. எனவே பாத்திரம் எந்தப் பொருளால் ஆனது என்று பார்ப்பதோடு நில்லாமல், அதில் எந்த உறுப்பு முதலில் இளகும், கருகும், விரிசல் விடும் என்றும் பார்த்தாக வேண்டும்.

கேக் வேகப் பெரும்பாலும் 180 டிகிரி செல்சியஸ் போதும். வீட்டு ஓவன்கள் பொதுவாக 250 டிகிரி வரை செல்லும். அலுமினியம் 660 டிகிரியில்தான் உருகும். எவர்சில்வரும் வார்ப்பிரும்பும் உருக ஆயிரம் டிகிரிக்கும் மேல் வேண்டும் என்பதால், உலோக உடலைப் பற்றிக் கவலையில்லை. கவலை அதனுடன் திருகப்பட்ட கறுப்புப் பிடியைப் பற்றியது. 1907இல் லியோ பேக்லண்ட் உருவாக்கிய பேக்கலைட் என்னும் செயற்கைப் பிசின் ஒருமுறை இறுகிவிட்டால் மீண்டும் உருகாது என்றாலும், கடுஞ்சூட்டில் வெடிப்பு விட்டுக் கருகும். மரப்பிடியும் குக்கர் மூடியின் ரப்பர் வளையமும் ஓவனுக்கு உரியவை அல்ல. பூச்சில்லாத அலுமினியத்தில் புளி, தக்காளி, எலுமிச்சை சேர்ந்த உணவை வேகவைத்தால் உலோகம் சிறிதளவு கரைந்து சுவையைக் கெடுக்கும் என்பதால், அவற்றுக்கு எவர்சில்வரே பொருத்தமானது.

உலோகங்களிலும் ஒரு விலக்கு உண்டு. அதைத் தமிழகச் சமையற்கட்டு நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. ரசம் வைக்கும் ஈயச் சொம்பை வெறுமையாக அடுப்பில் ஏற்றக் கூடாது, முதலில் புளிக்கரைசலை ஊற்ற வேண்டும் என்பது வழிவழியாக வந்த எச்சரிக்கை. அந்தச் சொம்பு உண்மையில் வெள்ளீயத்தால் ஆனது. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். உள்ளிருக்கும் நீர் கொதிநிலையான 100 டிகிரியைத் தாண்டாததால்தான் சொம்பு தீயின்மேல் நிற்கிறது. ஓவனில் உணவு தொடாத மேல்விளிம்புக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே ஈயச் சொம்பையும், உட்புறம் ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரத்தையும் ஓவனில் வைக்கலாகாது.

நான்ஸ்டிக் பாத்திரங்களின் வழவழப்புக்குக் காரணமான டெஃப்ளான் வகைப் பூச்சு, 1938இல் ராய் பிளங்கெட் கண்டறிந்த பொருளால் ஆனது. ஏறத்தாழ 260 டிகிரியைத் தாண்டும்போது அது சிதையத் தொடங்குகிறது. சூடு மேலும் ஏறினால் வெளிவரும் புகை கூண்டுப் பறவைகளைக் கொல்லும் அளவுக்கு நச்சுத்தன்மை உடையது. கேக் சுடும் சூட்டில் இந்த ஆபத்து இல்லை. ஆனால் உச்ச சூட்டில் வாட்டும் 'கிரில்' முறையில், கம்பிக்கு அருகே இத்தகைய பாத்திரத்தை வைப்பதைத் தவிர்க்க வேண்டும்.

கண்ணாடியைப் பொறுத்தவரை, எவ்வளவு சூடு என்பதைவிட அது எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதே முக்கியம். சூடேறும்போது கண்ணாடி விரிகிறது. ஒரு பகுதி விரிந்தும் மற்றொரு பகுதி விரியாமலும் இருந்தால் இடையில் இழுவிசை தோன்றி அது உடைகிறது. மணலுடன் போரான் சேர்மம் கலந்து செய்யும் போரோசிலிக்கேட் கண்ணாடி, சாதாரணக் கண்ணாடியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே விரிவதால் இத்தாக்குதலை நன்கு தாங்குகிறது. 1913இல் அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடி நிறுவன அறிவியலாளர் ஜெஸ்ஸி லிட்டில்டன், வெப்பம் தாங்கும் மின்கலக் கண்ணாடிச் சாடி ஒன்றின் அடிப்பகுதியை அறுத்துக் கொடுக்க, அவர் மனைவி பெஸ்ஸி அதில் கேக் சுட்டுக் காட்டினார். 1915இல் 'பைரக்ஸ்' பாத்திரங்கள் விற்பனைக்கு வந்தன. ஆயினும் கண்ணாடிப் பாத்திரங்கள் அனைத்தும் இவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. எவ்வகையாயினும் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து நேரே சூடான ஓவனில் வைப்பதும், ஓவனிலிருந்து எடுத்து ஈரமான கருங்கல் மேடையில் இறக்குவதும் கூடாது. மடித்த உலர்ந்த துணியின் மேல் இறக்குவதே முறை.

மற்றொரு குழப்பம் 'மைக்ரோவேவுக்கு ஏற்றது' என்னும் முத்திரையால் விளைவது. நுண்ணலை உணவிலுள்ள நீரைச் சூடாக்குகிறது. பாத்திரம் பெரும்பாலும் உணவிலிருந்தே சூட்டைப் பெறுகிறது. அதனால் அங்கே தாங்கும் பிளாஸ்டிக் டப்பா ஓவனில் உருகிவிடும். அதே பெட்டியில் 'கன்வெக்‌ஷன்' பொத்தானை அழுத்தினால் அது ஓவனாகவே இயங்குகிறது என்பதை மறக்கலாகாது. பீங்கான் போலத் தோன்றும் மெலமைன் தட்டுகள் இரண்டு முறைகளுக்கும் ஒவ்வாதவை.

ஆகவே கடையில் பாத்திரத்தைத் திருப்பி, அடியில் பொறித்த வெப்ப அளவைப் படிப்பதோடு, மூடிக்கும் பிடிக்கும் தனி அளவு உண்டா என்றும் கேட்டறிவது நல்லது. ஐயம் எழுந்தால், பிடியும் பூச்சும் ஒட்டும் இல்லாமல் முழுவதும் ஒரே உலோகத்தால் ஆன பாத்திரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பல வீடுகளின் அலமாரியில் ஏற்கெனவே இருக்கும் விளிம்பு உயர்ந்த எவர்சில்வர் தட்டு அத்தகையதே. அதை வாங்கப் புதிதாகச் செலவிட வேண்டியதுகூட இல்லை.