அட் குறி வரவில்லையா? கீபோர்டை மாற்றாதீர்கள்!

பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுக்கொள்வது இப்போது பல வீடுகளில் நடக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டாம். சோம்பிக் கிடந்த மெஷினும் கொஞ்சம் சுறுசுறுப்பாகிறது. ஆனால் போட்டுக் கொடுத்தவர் போன பிறகுதான் நமக்குத் திண்டாட்டம்!

என் நாத்தனார் மகள் கல்லூரி உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட வேண்டும். மறுநாள் கடைசித் தேதி. இ-மெயில் விலாசம் அடிக்க ஷிஃப்டோடு 2-ஐத் தட்டினால், அட் குறிக்குப் பதில் மேற்கோள் குறி விழுகிறது. கடையில் காட்டினால், "கீபோர்டு போச்சும்மா, மாத்தணும், 1,800 ரூபாய் ஆகும்" என்றார்களாம். அண்ணி சீட்டுப் பணத்தை எடுக்கக் கிளம்பிவிட்டார்.

"கொஞ்சம் இருங்க அண்ணி. ஏய், ஷிஃப்டோடு 3 தட்டிப் பாரு" என்றேன். பவுண்டு குறி வந்தது!

பவுண்டு வந்தால் கீபோர்டு கெடவில்லை என்று அர்த்தம். நம் ஊர் லேப்டாப்புகளில் சாதாரணமாக இருப்பது அமெரிக்க அமைப்பு. லினக்ஸ் போடும்போது இங்கிலாந்து ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால், இந்த இரண்டு குறிகளும் இடம் மாறிவிடும். அவசரத்துக்கு, மேற்கோள் குறி போட்ட விசையை ஷிஃப்டோடு தட்டினால் அட் குறி கிடைக்கும். அன்று ராத்திரியே விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

நிரந்தர வைத்தியமும் சுலபம்தான். உபுண்டுவில் செட்டிங்ஸ், அதில் கீபோர்டு, அதில் இன்புட் சோர்சஸ். கூட்டல் குறியைத் தட்டி 'இங்கிலீஷ் யு.எஸ்.' சேர்த்துவிட்டு, 'யு.கே.'யை எடுத்துவிடுங்கள். எனக்குப் பிடித்தது 'இங்கிலீஷ் இந்தியா, வித் ருப்பீ'. அதே அமெரிக்க அமைப்புதான். கூடவே வலது ஆல்ட்டோடு 4 தட்டினால் நம்ம ரூபாய்க் குறி வரும். வீட்டுக் கணக்கு எழுத எவ்வளவு சௌகரியம்!

தமிழும் அங்கேயேதான். 1999-ல் தமிழ்நாடு அரசு ஏற்ற 'தமிழ் 99' நல்லது. ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். பட்டியலில் காணோமென்றால் 'ஐபஸ் எம்17என்' என்பதைப் போட்டு, ஒருமுறை லாக் அவுட் செய்து வாருங்கள். ஜன்னல் படம் போட்ட விசையோடு ஸ்பேஸைத் தட்டினால் தமிழும் ஆங்கிலமும் மாறி மாறி வரும்.

எழுத்து பொடியாகத் தெரிகிறதென்று ரெசல்யூஷனைக் குறைக்கிறார்கள் சிலர். வேண்டாம், எல்லாம் மங்கிப்போகும். அக்சஸிபிலிட்டியில் 'லார்ஜ் டெக்ஸ்ட்'டைப் போடுங்கள். என் மாமியார் கண்ணாடியைத் தேடாமலே படிக்கிறார். டிஸ்ப்ளேயில் உள்ள 'நைட் லைட்' இரவில் திரையை மஞ்சளாக்கும். குழந்தை தூங்கும் அறையில் கண் கூசாது. டிஸ்ப்ளேயில் எதையோ மாற்றித் திரையே தெரியாமல் போனாலும் பதறாதீர்கள். எதையும் தொடாமல் 20 விநாடி இருந்தால் தானே பழையபடி வந்துவிடும்.