ப்ராஜெக்ட் எழுதும் பிள்ளைகளுக்கு: எங்கிருந்து தொடங்குவது?



பள்ளியிலும் கல்லூரியிலும் ப்ராஜெக்ட் கேட்கும் காலம் வந்தால் ஜெராக்ஸ் கடைகளில் கூட்டம் கூடிவிடுகிறது. தலைப்பைச் சொன்னால் போதும், இணையத்திலிருந்து இருபது பக்கம் எடுத்து வண்ண அட்டை போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். மதிப்பெண்ணும் கிடைக்கிறது. ஆனால் கல்வி உதவி கேட்டு நம்மிடம் வரும் பிள்ளைகளிடம், "எதைப் பற்றி எழுதினாய்?" என்று கேட்டால், தலைப்புக்கு மேல் ஒரு வரி சொல்லப் பலருக்கு வரவில்லை. மேற்படிப்பிலும் வேலையிலும் கேட்கப்போவது அந்த ஒரு வரியைத்தான். ஆகவே ஓர் ஆய்வைத் தொடங்கும் முறையை நம் மண்ணின் எடுத்துக்காட்டோடு இங்கே விளக்குகிறோம்.

தலைப்பு வேறு, கேள்வி வேறு

‘காவிரியும் விவசாயமும்’ என்பது தலைப்பு. அதில் ஆயிரம் பக்கம் எழுதலாம். ஒன்றும் புதிதாகத் தெரியவராது. ‘மேட்டூர் தண்ணீர் தாமதமான ஆண்டுகளில் நம் ஊரில் குறுவை நடந்ததா? நடந்திருந்தால் தண்ணீர் எங்கிருந்து வந்தது?’ என்பது கேள்வி. ஓர் ஊர், சில ஆண்டுகள், ஒரு பயிர் என்று எல்லை கட்டியிருப்பதால் ஒரு மாணவரால் இரண்டு மாதத்தில் விடை தேட முடியும்.

இப்படிப்பட்ட கேள்வி பின்னணி தெரியாமல் பிறக்காது. மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டது. டெல்டா பாசனத்திற்கு அணையை ஜூன் 12ஆம் தேதி திறப்பது வழக்கம். ஆனால் 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியில் திறக்க முடியவில்லை. 2018இல் ஜூலை 19, 2019இல் ஆகஸ்ட் 13. 2020இல் மீண்டும் ஜூன் 12 வாய்த்தது. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 ஆகிவிட்டது.

குறுவை ஏறத்தாழ 110 நாள் பயிர். வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்குள் அறுவடை முடிய வேண்டும். அப்படியானால் தண்ணீர் தாமதமான ஆண்டுகளில் வயல்கள் தரிசாகக் கிடந்திருக்க வேண்டுமல்லவா? பல ஊர்களில் அப்படி ஆகவில்லை. ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் கைகொடுத்தது. கடலோரக் கடைமடை ஊர்கள் பலவற்றிலோ நிலத்தடி நீர் உப்பு. அங்கே அந்த வழியும் இல்லை. இவ்வளவும் தெரிந்த பிறகுதான், ‘நம் ஊர் எந்தப் பக்கம்?’ என்று கேட்கத் தோன்றும்.

எங்கே தேடுவது?

பாடநூலும் விக்கிப்பீடியாவும் வாசற்படி. அங்கே சொற்களையும் ஆண்டுகளையும் அறிந்துகொண்டு உள்ளே போக வேண்டும்; வாசற்படியிலேயே குடியிருக்கக் கூடாது.

அடுத்தது நூல்கள். ஹெமிங்வே எழுதிய தஞ்சாவூர் மாவட்ட விவரச்சுவடி 1906இல் வெளிவந்தது. பழைய தமிழ் நூல்கள் பல தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நெல் ரகங்களைப் பற்றி அறிய, ஆடுதுறையில் 1922 முதல் இயங்கும் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

மூன்றாவது அரசுப் பதிவேடுகள். எந்த சர்வே எண்ணில் என்ன பயிர் என்பது கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் பதிவாகிறது. தலைமையாசிரியரின் கடிதத்தோடு போய்க் கேளுங்கள். அதில் பசலி ஆண்டு போட்டிருக்கும். பசலி 1434 என்றால் 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை. பருவத்தைக் குறிக்கும் ‘ஃபஸ்ல்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான் இந்தப் பசலி.

நான்காவது மனிதர்கள். வயல் வைத்திருப்பவர், நடவுக்குப் போகும் பெண்கள், மோட்டார் பழுது பார்ப்பவர் என்று எல்லோரிடமும் விஷயம் இருக்கிறது. வந்த நோக்கத்தைச் சொல்லி, சம்மதம் பெற்று, அவர்கள் ஓய்வாக இருக்கும் நேரத்தில் கேளுங்கள். பெரியவர்கள் மறைந்துவிட்டால் அந்தச் செய்தியும் மறைந்துவிடும்.

யார் சொன்னது?

ஒரு செய்தி வந்தால் விசாரித்துத் தெளிய வேண்டும் என்பது சூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் நமக்குத் தரும் பாடம். ஒரே ஒரு ஹதீஸை, அதை நேரில் கேட்டவரிடமே கேட்டறிய ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) ஒரு மாத காலப் பயணம் போனார்கள். அறிவிப்பாளர் வரிசை இல்லாத ஹதீஸை நம் இமாம்கள் ஏற்கவில்லை. நம் பிள்ளைகளின் நோட்டிலும் அந்த ஒழுங்கு வரட்டும். பக்கத்தை மூன்றாகப் பிரித்து, செய்தி என்ன, சொன்னவர் யார் அல்லது எந்த நூலில் எந்தப் பக்கம், குறித்த தேதி என்ன என்று எழுதுங்கள். விவசாயி சொன்னதும் அடங்கலில் உள்ளதும் முரண்பட்டால் இரண்டையும் எழுதுங்கள். ஏன் முரண்படுகிறது என்று தேடுவதுதான் ஆய்வு.

கைப்பேசியில் வரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் சில நேரம் இல்லாத நூலுக்கும் பெயர் சொல்லிவிடும். அவை சொல்வதை மூலத்தில் பார்க்காமல் எழுதாதீர்கள். பிறர் எழுதியதைத் தன் எழுத்தாகக் காட்டுவது அமானிதத்திற்கு மோசடி என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

பெற்றோர்களே! பிள்ளைக்காக நீங்கள் எழுதிக்கொடுக்க வேண்டாம். கடையில் காசு கொடுத்து வாங்கித் தரவும் வேண்டாம். நூலகத்திற்கும் அலுவலகத்திற்கும் ஒருநாள் உடன் போய் வாருங்கள். பெண்பிள்ளைகளுக்கு இந்தத் துணை மிகவும் அவசியம். கேள்வியை அமைப்பதில் உதவி தேவைப்பட்டால் ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பின் நம் அலுவலகத்திற்கு அனுப்பிவையுங்கள். இன்ஷா அல்லாஹ், உட்கார்ந்து பேசுவோம்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அருள்வானாக, ஆமீன்.