முற்றிய புல்லும் மாட்டின் ஏப்பமும்

மாடு விடும் வாயுவால் பூமி சூடாகிறது என்று எங்காவது படித்திருப்பீர்கள். நான்கு மாடு வைத்துப் பிழைக்கிற வீட்டில் இதைச் சொன்னால் எரிச்சல்தான் வரும். ஊரே கார் ஓட்டுகிறது, என் மாட்டின் ஏப்பம்தான் குற்றமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனாலும் அந்த வாயுவைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேறொரு காரணம் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கியோ கை வலிக்க அறுத்தோ நீங்கள் போட்ட தீவனத்தில் ஒரு பங்குதான் அது. பாலாகவும் ஆகவில்லை, கன்றின் உடம்பிலும் சேரவில்லை.

அந்த வாயு எப்படி உண்டாகிறது?

மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள். எல்லாவற்றிலும் பெரியது அசையூண் வயிறு (விழுங்கிய தீவனம் ஊறி நொதிக்கும் அறை). நாரைச் செரிக்கும் திறன் மாட்டுக்குக் கிடையாது. அந்த அறையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் அதைச் செய்துகொடுக்கின்றன. அந்த வேலையில் ஹைட்ரஜன் மிஞ்சும். அது அங்கேயே தேங்கினால் நொதித்தல் கெடும். அதனால் வேறொரு வகை நுண்ணுயிர்கள் அதைக் கரியமில வாயுவோடு சேர்த்து மீத்தேனாக (சாண எரிவாயு அடுப்பில் எரிகிற அதே வாயு) மாற்றிவிடுகின்றன. பின்பக்கமாகப் போவது சொற்பம். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வாய், மூக்கு வழியாகத்தான் வெளியேறுகிறது.

இதில் எனக்கு எவ்வளவு நட்டம்?

நாளொன்றுக்கு ஈரம் நீக்கிய கணக்கில் 10 கிலோ தீவனம் தின்னும் கறவை மாடு சுமார் 200 கிராம் மீத்தேனை விடும். தின்ற தீவனத்தின் மொத்த ஆற்றலில் இது ஏறக்குறைய 6 சதவீதம். மூன்றரை லிட்டர் பாலில் அடங்கியிருக்கும் ஆற்றலும் கிட்டத்தட்ட இவ்வளவுதான். வாயுவை நிறுத்தினால் மூன்றரை லிட்டர் பால் கூடுதலாகக் கறக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். உடம்பு அப்படி நேர்க்கணக்கில் இயங்குவதில்லை, வாயுவை முழுதாக நிறுத்தவும் முடியாது. நட்டத்தின் அளவு புரியட்டும் என்றுதான் சொன்னேன்.

இன்னொரு நட்டம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. புரதத்தில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன் (யூரியா உரத்தில் இருக்கிற அதே சத்து). 12 சதவீதம் புரதமுள்ள தீவனம் 10 கிலோ தின்றால், மாட்டுக்குள் போகும் நைட்ரஜன் 190 கிராம். எட்டு லிட்டர் கறந்தால் பாலோடு திரும்பி வருவது 40 கிராம்தான். மீதி 150 கிராமில் பெரும்பகுதி சாணத்திலும் கோமியத்திலும் போய்விடுகிறது. அது 325 கிராம் யூரியாவுக்குச் சமம். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரே மாட்டிடமிருந்து இரண்டரை மூட்டை யூரியா.

சரி, இதற்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் என்ன தொடர்பு?

எல்லாத் தொடர்பும் புல்லின் வயதில் இருக்கிறது. நம் வெயிலில் வளரும் புற்கள் குளிர்நாட்டுப் புற்களைப் போன்றவை அல்ல. மழை பெய்த சில வாரங்களில் கிடுகிடுவென்று வளர்ந்து, அதே வேகத்தில் முற்றிவிடும். இலை குறைந்து தண்டு கூடும். தண்டில் லிக்னின் (தண்டை விறைப்பாக்கும் கட்டைத்தன்மை) ஏறும். நான்கைந்து வாரப் புல்லில் புரதம் 10 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும். அதே புல் பூத்து, விதை உதிர்ந்து, காய்ந்து நின்றால் 5 சதவீதத்துக்கும் கீழே போகலாம்.

புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் சிக்கல் தொடங்குகிறது. வயிற்று நுண்ணுயிர்கள் பெருகுவதற்கே நைட்ரஜன் போதாது. தின்ற நார் கரைய நாளாகிறது. வயிறு காலியாகாததால் மாடு தீனியைக் குறைத்துக்கொள்கிறது. தின்றதும் நார்தான் என்பதால், செரிக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் மீத்தேன் கூடுகிறது. பாலும் இல்லை, வாயு மட்டும் மிச்சம்.

அப்படியானால் இளம்புல்லை மட்டும் போட்டால் போதுமா? அதுவும் பிசகுதான். யூரியா தூவி வளர்த்த இளம் கம்பு நேப்பியரைத் தனியாகப் போட்டால், அதன் புரதம் வயிற்றில் மளமளவென்று அம்மோனியாவாக (மூக்கைத் துளைக்கும் நைட்ரஜன் வாயு) உடையும். அதைத் தம் உடம்பாக மாற்றிக்கொள்ள நுண்ணுயிர்களுக்கு மாவுச்சத்தின் ஆற்றல் வேண்டும். அது இல்லாவிட்டால், செங்கல் வந்து இறங்கியும் கொத்தனார் வராத கதைதான். மிஞ்சிய அம்மோனியா ரத்தத்தில் ஏறும், ஈரல் அதை யூரியாவாக்கும், கோமியத்தில் வெளியே போகும். கொழுத்த புல்லைத் தின்றும் பால் ஏறவில்லையே என்று பலர் குழம்புவது இதனால்தான்.

உங்கள் மாடு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சாணம் சொல்லும். கட்டியாக, அடுக்கடுக்காக விழுந்தால் நார் கூடுதல், புரதம் குறைவு. நீர்த்துத் தெறித்தால் இளம்புல் மிகுதி என்று முதலில் சந்தேகப்படுங்கள். கழிச்சல் நோயும் இருக்கலாம், அதையும் பார்த்துவிடுங்கள்.

இதையெல்லாம் நிலத்தில் எப்படிச் செய்வது? காங்கேயம், தாராபுரம், கரூர் பக்கத்துக் கொரங்காடுகளைப் பாருங்கள். கொரங்காடு என்பது தனியார் மேய்ச்சல் காடு. சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டைப் புல், இடையிடையே நரிப்பயறு போன்ற பயற்றுக் கொடிகள். மழை குறைந்த சரளை மண்ணில், பாசனமே இல்லாமல் காங்கேயம் மாடுகளையும் ஆடுகளையும் காலங்காலமாகத் தாங்கி நிற்கிறது. கோடையில் புல் காய்ந்து புரதம் இறங்கும்போது வெள்வேலங்காய் உதிர்ந்து அந்தப் பள்ளத்தை ஓரளவு நிரப்புகிறது. எத்தனை பேராசிரியர்கள் உட்கார்ந்து திட்டம் போட்டாலும் இதைவிடப் பொருத்தமாக வரைந்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

கொரங்காடு வேலி போட்டுத் துண்டு துண்டாகப் பிரிந்திருப்பதுதான் முக்கியம். ஒரு துண்டில் மேய விட்டு, மற்றதை ஆற விடலாம். வேலியில்லாத நிலமாக இருந்தாலும் இந்த முறையைக் கைக்கொள்ளலாம். ஒரே இடத்தில் நாள் முழுக்க மாடு நின்றால், துளிர்க்கிற கொழுந்தைத் திரும்பத் திரும்பக் கடிக்கும். தூரில் சேமிப்புத் தீர்ந்து நல்ல புல் அழியும், மாடு தொடாத களை அந்த இடத்தைப் பிடிக்கும்.

எப்போது மாட்டை உள்ளே விடுவது, எப்போது வெளியே எடுப்பது? நாள்காட்டியைப் பார்க்காதீர்கள், புல்லைப் பாருங்கள். மழைக்குப் பின் இலை தழைத்து, தண்டு நீளத் தொடங்கும் முன் உள்ளே விடுங்கள். நல்ல ஈரம் இருந்தால் இதற்கு நான்கைந்து வாரம் ஆகும். ஈரம் இல்லாவிட்டால் எத்தனை வாரம் காத்திருந்தாலும் புல் வளரப் போவதில்லை. மேல் இலையைத் தின்று, அரைச் சாண் உயரம் நிற்கும்போதே மாட்டை அடுத்த துண்டுக்கு ஓட்டிவிடுங்கள். புல் மிச்சம் நிற்கிறதே, வீணாகிறதே என்று மனம் அடித்துக்கொள்ளும். அந்த அடிப்பகுதியில் தண்டுதான் அதிகம், புரதம் குறைவு. அதை மாட்டுக்கு ஊட்டுவதால் கிடைப்பதைவிட, அடுத்த துளிர்ப்புக்கு விட்டுவைப்பதால் கிடைப்பது கூடுதல். பிரேசிலின் மேய்ச்சல் ஆய்வுகளும் நாள் கணக்கை விட்டுப் புல்லின் உயரக் கணக்குக்குத்தான் வந்திருக்கின்றன. அங்கே மொம்பாசா என்ற கினியாப் புல் 90 செ.மீ. உயரம் வந்ததும் மாட்டை விடுகிறார்கள்.

எனக்கு மேய்ச்சல் நிலமே இல்லை, கட்டுத்தறியில் கட்டிப் போட்டுத்தான் வளர்க்கிறேன் என்கிறீர்களா? விதி அதேதான். கம்பு நேப்பியரை முதல் அறுப்புக்குப் பின் 45 நாளுக்கு ஒருமுறை அறுக்கச் சொல்கிறார்கள். எடை கூடட்டும் என்று எழுபது நாள் விட்டால் வண்டி நிறையும், ஆனால் நிறைவது தண்டு.

புல்லோடு பயறு வகை சேர்ப்பதுதான் நான் முதலில் சொல்லும் மாற்றம். வேலிமசால், முயல்மசால், குதிரைமசால், அகத்தி, கிளைரிசிடியா எல்லாம் இதில் அடங்கும். இவற்றின் வேரில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால் உரச் செலவு குறையும். நார் குறைவு என்பதால் வயிற்றில் தங்கும் நேரமும் குறைவு, மீத்தேனும் குறைகிறது. சிலவற்றில் டானின் (கடுக்காயில் துவர்க்கிற பொருள்) இருக்கிறது. அது அளவாக இருந்தால் புரதம் வயிற்றில் அவசரமாக உடையாமல் காக்கும். அதனால் நைட்ரஜன் கோமியத்தில் போவது குறைந்து சாணத்துக்கு மாறும். சாணத்து நைட்ரஜன் அவ்வளவு சீக்கிரம் ஆவியாகாது. மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு மசால் என்று தொடங்குங்கள். கூடவே சோளத்தட்டும், கொஞ்சம் தவிடோ மக்காச்சோளமோ இருந்தால் நான் சொன்ன கொத்தனாரும் வந்துவிடுவார்.

சவுண்டல் (சூபாபுல்) போடலாமா? போடலாம், பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். அதில் மிமோசின் (முடி உதிரச் செய்யும் நச்சு) இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் இதே தொல்லை இருந்தது. ஹவாயில் சவுண்டலைத் தின்ற ஆடுகள் நலமாக இருப்பதைக் கவனித்த ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர், அவற்றின் வயிற்றில் நச்சை முறிக்கும் பாக்டீரியா இருப்பதைக் காட்டினார். 1980-களில் அதை ஆஸ்திரேலிய மாடுகளுக்குக் கொடுத்தார்கள். அந்தப் பாக்டீரியாவுக்குப் பின்னாளில் அவர் பெயரையே சூட்டினார்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். பூப்பதற்கு முந்தைய இளம் சோளப் பயிரில் மாட்டை விடாதீர்கள், அதில் உயிரைக் கொல்லும் சயனைடு நச்சு உண்டு. யூரியா தூவிய புல்லை உடனே அறுத்துப் போடாதீர்கள். வறட்சியில் வாடியிருக்கும் புல் என்றால் இன்னும் ஆபத்து. தண்டின் அடியில் நைட்ரேட் (பயிர் உறிஞ்சும் நைட்ரஜன் வடிவம்) தேங்கி மாட்டைக் கொல்லும்.

வெளியே போன நைட்ரஜனைப் பிடிக்க வழி உண்டா? ஓரளவு பிடிக்கலாம். கோமியம் தரையில் விழுந்த ஓரிரு நாளிலேயே அதன் யூரியா அம்மோனியாவாகி ஆவியாகத் தொடங்கும். காலையில் தொழுவத்தில் கண் எரிகிறதே, அது உங்கள் உரம்தான் காற்றில் போகிறது. தின்னாமல் ஒதுக்கிய தட்டையையும் வைக்கோலையும் கீழே பரப்பிக் கோமியத்தை உறிஞ்ச விடுங்கள். குப்பைக்குழிக்கு நிழலும் மூடாக்கும் வேண்டும். மேய்ச்சல் நிலத்திலோ கோமியம் விழும் திட்டில் மட்டும் செடியால் எடுத்துக்கொள்ள முடியாத அளவு நைட்ரஜன் குவியும். மிஞ்சுவது நைட்ரேட்டாகிக் கிணற்றுக்கு இறங்கும், ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகி (கரியமில வாயுவைவிட 270 மடங்கு சூடேற்றும் வாயு) மேலே போகும். மர நிழலும் தண்ணீர்த் தொட்டியும் ஒரே மூலையில் இருந்தால் மாடுகள் நாள் முழுக்க அங்கேயே நின்று பெய்யும். பட்டியை இடம் மாற்றி மாற்றிப் போடும் நம் ஊர் வழக்கம் இதற்கு நல்ல மருந்து.

நல்ல புல் போட்டால் மொத்த மீத்தேன் குறைந்துவிடுமா? உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஒரு மாட்டின் கணக்கில் கூடவும் செய்யலாம். நல்ல தீவனத்தை மாடு அதிகமாகத் தின்னும். ஆனால் லிட்டர் கணக்கு வேறு. நாலு லிட்டர் கறக்கும் மாடு 160 கிராம் விடுகிறது என்று வையுங்கள், லிட்டருக்கு 40 கிராம். அதுவே எட்டு லிட்டர் கறந்து 200 கிராம் விட்டால், லிட்டருக்கு 25 கிராம். கிடேரி நாலு வயதுக்குப் பதில் மூன்று வயதில் கன்று ஈன்றால், பால் இல்லாமல் தீவனம் மட்டும் தின்னும் ஓராண்டு மிச்சம். மொத்த அளவு குறைய வேண்டுமென்றால், அதே பாலுக்கு மாட்டின் எண்ணிக்கையும் குறைய வேண்டும்.

இந்த லிட்டர் கணக்கை வைத்துக் காங்கேயம் மாட்டை மட்டம் தட்டுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது உழவுக்கும் வண்டிக்கும் வளர்ந்த இனம், சில லிட்டர்தான் கறக்கும். வேறெதுவும் விளையாத சரளைக் காட்டில் மேய்ந்து பிழைக்கிற மாட்டை, அடர்தீவனம் தின்னும் கலப்பின மாட்டோடு பால் அளவில் மட்டும் ஒப்பிடுவது தப்பான தராசு.

மீத்தேனைக் குறைக்க மருந்து இருக்கிறதாமே என்று கேட்பீர்கள். இருக்கிறது. பெங்களூரில் உள்ள தேசியக் கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம், டானின் மிகுந்த தாவரங்களிலிருந்து 'ஹரித் தாரா' என்ற தீவனச் சேர்க்கையை உருவாக்கியிருக்கிறது. 17 முதல் 20 சதவீதம் வரை மீத்தேன் குறையும் என்கிறார்கள். அதை வாங்கும் முன் புல்லைச் சரிசெய்யுங்கள். முற்றிய தட்டையைப் போட்டுவிட்டு மேலே பொடி தூவுவதில் எனக்கு நம்பிக்கையில்லை.

வைக்கோலைத் தவிர வேறெதுவும் இல்லாத மாதங்களில் யூரியா ஊட்டம் கைகொடுக்கும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் முழுதாகக் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடிவைத்துப் போடுவார்கள். அளவு தவறினால் மாடு சாகும், ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கொடுக்கவே கூடாது. முதல்முறை உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரை உடன் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், மானாவாரி நிலம் உள்ளவர்களுக்கு நான் சொல்வது முயல்மசால். தூவி விதைத்தால் ஏக்கருக்கு 4 கிலோ விதை போதும். அதன் தோல் கெட்டி, அப்படியே போட்டால் பாதி முளைக்காது. கொதி அடங்கிய வெந்நீரில் (சுமார் 80 டிகிரி) நாலைந்து நிமிடம் போட்டெடுத்து, ஓர் இரவு பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து விதையுங்கள். வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்குள் விதை மண்ணில் இருக்க வேண்டும்.