புள்ளியை முதலில் வைக்கும் கை

சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு டி.டி.பி. கடை. மனு அடித்துக் கொடுக்கும் அக்காவிடம், 'தமிழ்99ல அடிச்சா சுலபமாச்சேக்கா' என்றேன். 'லோயர், ஹையர் பாஸ் பண்ணின கை தம்பி இது. புள்ளிய முதல்ல வச்சுத்தான் பழக்கம்' என்றார். தமிழ் எம்.ஏ. என்கிற என் மிதப்பு கொஞ்சம் ஆட்டம் கண்டது.

எழுத்துக்கு முன் புள்ளி என்று எந்த இலக்கணமும் சொல்லவில்லை. சொன்னது இயந்திரம். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா, இரண்டாம் உலகப் போருக்கு முன்பே தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு விசைகளை அமைத்தார். 247 எழுத்துகளுக்கும் தனித்தனி விசை சாத்தியமில்லை. ஆகவே சில குறிகளுக்கு நகராத விசை: புள்ளியைத் தட்டினால் தாள் நகராது, அடுத்துத் தட்டும் 'க' அதன் கீழேயே விழுந்து 'க்' ஆகும். 'கெ' என்றால் முதலில் கொம்பு, பிறகு 'க'. அதாவது இங்கே எழுத்து ஒலியல்ல, தாளில் வரையும் உரு.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 இதைத் தலைகீழாக்கியது. இடக்கைக்கு உயிர், வலக்கைக்கு மெய். 'க' இருமுறை தட்டினால் தானாக 'க்க'. 'ங', 'க' தட்டினால் 'ங்க'. வகுப்பில் உடனிலை மெய்ம்மயக்கம், வேற்றுநிலை மெய்ம்மயக்கம் என்று நாம் உருப்போட்டதை விசைப்பலகை வாங்கிக்கொண்டது. ஆனால் 'மமதை' அடித்துப் பாருங்கள்: 'ம்மதை' என்று வந்து நிற்கும். நடுவில் 'அ' தட்டியாக வேண்டும். உயிர்மெய்க்குள் ஒளிந்திருக்கும் அகரத்தை இங்கே விரல் வெளியே இழுக்கிறது.

விசைப்பலகை வெறும் கருவி அல்ல, எழுத்து எது என்பது பற்றிய ஒரு வாசிப்பு. ஆங்கில எழுத்தில் 'அம்மா' தட்டித் தமிழாக்கிக்கொள்ளும் என் கைபேசி விரலும் ஒரு வாசிப்பைச் செய்கிறது. அதில் தமிழ், ரோமன் எழுத்தின் வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறது. இலக்கணம் தமிழ்99இன் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த நியாயத்தைச் சொல்லும்போதே, பரீட்சை எழுதிச் சோறு தேடிக்கொண்ட ஒரு கையைப் 'பழசு' என்று ஒதுக்கும் அதிகாரத்தையும் நான் கையில் எடுத்துக்கொள்கிறேன். தரப்படுத்தல் பற்றிய நம் பேச்சில் காணாமல்போவது இந்தக் கைதான்.

அக்கா அடித்துக் கொடுத்த மனுவில் ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. அது முன்னே விழுந்ததா, பின்னே விழுந்ததா என்று தாளைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது.