பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் முன்…

பழைய மரச் சாமானைக் கண்டால் எனக்குச் சபலம் தட்டிவிடும். உடைந்த முக்காலியானாலும் சரி, மூடி இல்லாத பெட்டியானாலும் சரி, "இதைத் தேய்த்து வர்ணம் அடித்தால் எத்தனை ஜோராக இருக்கும்!" என்றுதான் முதலில் தோன்றும். "உன் கண்ணில் பட்டால் உரல்கூட பூந்தொட்டி ஆகிடும்" என்று என் கணவர் கேலி செய்வார்.

போன வருஷம் பொங்கலுக்கு வீட்டை ஒழித்தபோது பரணிலிருந்து ஒரு புதையலே இறங்கியது. பலா மரத்தில் இரண்டு மணை, ஒரு அஞ்சறைப் பெட்டி, பல்லாங்குழிப் பலகை, மத்து, மர முறுக்கு நாழி, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நடைவண்டி!

அந்த நடைவண்டிக்கு ஒரு சரித்திரம் உண்டு. என் கணவர் நடை பழகியது அதில்தான். அப்புறம் அவர் தம்பி, அதற்கப்புறம் என் மகள். வீட்டில் ஒவ்வொரு குழந்தை பிறந்தபோதும் என் மாமனார் அதற்குப் புதிதாக ஒரு பூச்சு பெயிண்ட் அடிப்பாராம். மேலே சிவப்பு, உரிந்த இடத்தில் மஞ்சள், அதற்கும் அடியில் பச்சை. மகள் பத்து மாதப் பேரனோடு வந்திருந்தாள். நாலாவது முறையாக வண்டி உருளட்டுமே என்று உப்புத்தாளும் கையுமாகத் தாழ்வாரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

பெயிண்ட் பொடிப் பொடியாக உதிர்ந்தது. பேரன் தவழ்ந்து வந்து அந்தத் தூளை அளைந்தான். வண்டியின் கைப்பிடியைப் பிடித்து எழுந்து நின்று, புதுப் பல்லால் கடிக்கவும் ஆரம்பித்தான். "பாரேன், பாட்டிக்கு ஒத்தாசை பண்றான்!" என்று நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"என்னம்மா இது, வாயெல்லாம் சிவப்பா இருக்கு?" என்று மகள் ஓடி வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மறுநாள் டாக்டரம்மாவிடம் போனோம். அவர் முதலில் கேட்டதே, "எத்தனை வருஷத்துப் பெயிண்ட்?" என்றுதான். ஐம்பது வருஷம் இருக்கும் என்றதும் முகம் மாறியது. "குழந்தைக்கு ரத்தத்தில் ஈயம் இருக்கான்னு பார்த்துடலாம்" என்றார்.

ரிசல்ட் வர நாலு நாள் ஆயிற்று. அந்த நாலு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மகள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் சுட்டது. கடைசியில், "பயப்படும்படி ஒன்றுமில்லை" என்று டாக்டரம்மா சொன்னபோதுதான் மூச்சு வந்தது. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்ததிலும் நல்லபடியாகவே இருந்தது. எனக்கு வந்த பயம் உங்களுக்கு வரக் கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன்.

பெயிண்டில் ஈயமா?

ஈயம் என்றதும் ரசம் வைக்கும் ஈயச் சொம்பை நினைத்துப் பதறாதீர்கள். அது வெள்ளீயம். பெயிண்டில் சேர்த்தது காரீயம். இரண்டும் வேறு வேறு உலோகம்.

நிறம் பளிச்சென்று இருக்கவும் சீக்கிரம் காயவும் அந்தக் காலத்து எனாமல் பெயிண்டுகளில் காரீயச் சேர்மங்களைக் கலந்தார்கள். முக்கியமாக மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு நிறங்களில் இது அதிகம். பெயிண்ட் உரிந்து தூளாகும்போது அது குழந்தையின் கைக்கும், கையிலிருந்து வாய்க்கும் போகிறது. பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு அதிகமாகச் சிறு குழந்தையின் உடம்பு அதை இழுத்துக்கொள்கிறதாம். பாதிக்கப்படுவது வளரும் மூளை. படிப்பில் மந்தம், கவனக் குறைவு என்று பிற்பாடுதான் அது தெரிய வரும். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த குழந்தைக்கு ஈயம் இன்னும் எளிதாக ஏறும். குழந்தைக்குக் கொடுக்கும் கீரையும் கேழ்வரகும் பாலும் இதற்கும் ஒரு காப்பு என்று வையுங்கள்.

நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டுகளில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்று 2016-ல் விதி கொண்டுவந்தார்கள். 2017 நவம்பர் முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சு எதுவானாலும் சந்தேகப்படுவதே நல்லது. பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க முடியாது.

மூன்று கூறாகப் பிரியுங்கள்

இப்போதெல்லாம் பழைய மரச் சாமான் கையில் கிடைத்தால், என்ன வர்ணம் அடிக்கலாம் என்று நான் யோசிப்பதில்லை. இது யார் கைக்கு, யார் வாய்க்குப் போகும் என்றுதான் முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

முதல் கூறு, சாப்பாட்டில் படுபவை. மத்து, மரக் கரண்டி, முறுக்கு நாழி எல்லாம் இதில் சேரும். இவற்றுக்குப் பெயிண்டும் வேண்டாம், வார்னிஷும் வேண்டாம். கழுவி, நிழலில் காயவைத்து, துளி தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்தால் போதும். மரத்தின் நிறமே அழகு.

இரண்டாம் கூறு, குழந்தைகள் புழங்குபவை. பல்லாங்குழி, நடைவண்டி, சொப்பு, தொட்டில் கட்டை போன்றவை. பெயிண்ட் படாத பழைய மரமானால் அப்படியே துடைத்து விளையாடக் கொடுக்கலாம். பழைய பெயிண்ட் இருந்தால் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. தேய்க்கவும் கூடாது. வெந்நீர் அடுப்பில் போட்டு எரிக்கவும் கூடாது, புகையிலும் சாம்பலிலும் ஈயம் தங்கும். உதிர்ந்த தூளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைத்து, துணியையும் எறிந்துவிடுங்கள். கர்ப்பிணிகள் கிட்டேயே போக வேண்டாம்.

மூன்றாம் கூறு, சுவருக்கும் அலமாரிக்கும் போகிறவை. பெயிண்டே காணாத மணை, பெட்டி, முக்காலி இவைதான் நம் கைவண்ணத்துக்கு ஏற்றவை. ஒன்று மட்டும் பாருங்கள். சின்னத் துளைகளிலிருந்து மாவு மாதிரி தூள் கொட்டினால் வண்டு அரிக்கிறது என்று அர்த்தம். அதை மற்ற மரச் சாமான்களோடு சேர்க்காதீர்கள்.

மணையில் ஒரு சாவி மாட்டி

தேவையானவை: பழைய மணை, 120, 220 நம்பர் உப்புத்தாள், வுட் பிரைமர், தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயிண்ட் (காவி, வெள்ளை), மெல்லிய பிரஷ், நிறமில்லாத வார்னிஷ், கொக்கிகள். டப்பாவின் மேல் ஈய அளவு பற்றிய வாசகம் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வெதுவெதுப்பான நீரில் சோப்புத் தூள் போட்டு, தேங்காய் நாரால் மணையைத் தேய்த்துத் துடையுங்கள். வெயிலில் வைத்தால் வெடிக்கும். நிழலில் இரண்டு நாள் காயட்டும். பிறகு மரத்தின் வரி ஓடும் வாட்டத்தில் 120-ஆம் நம்பர் தாளால் தேய்த்து, 220-ஆல் வழவழப்பாக்குங்கள். மரத்தூளும் நல்லதல்ல, மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். பள்ளம் இருந்தால் மரத்தூளில் ஃபெவிகாலைக் குழைத்து அடைக்கலாம்.

பிரைமர் ஒரு பூச்சு அடித்து ஓர் இரவு விடுங்கள். அதன் மேல் காவி இரண்டு பூச்சு. கெட்டியாக ஒரே தடவை அடிப்பதைவிட மெல்லியதாக இரு தடவை அடித்தால்தான் நிற்கும். நன்றாகக் காய்ந்த பிறகு, விசேஷ நாளில் மணையில் போடுவோமே, அதே மாக்கோலத்தைச் சாக்பீஸால் வரைந்துகொண்டு வெள்ளையில் இழுங்கள். புள்ளி வைக்கத் தீக்குச்சியின் முனை போதும்! மேலே வார்னிஷ் ஒரு பூச்சு. கீழ் ஓரத்தில் நாலைந்து கொக்கி திருகினால் சாவி மாட்டி தயார். பலா மணை கனமானது. சுவரில் பிளக் அடித்து இரண்டு திருகில் மாட்டுங்கள். கட்டிலுக்கும் தொட்டிலுக்கும் மேலே வேண்டாம்.

அஞ்சறைப் பெட்டி இப்போது என் தையல் பெட்டி. பட்டன், ஊக்கு, நூல்கண்டு, பாபின் என்று அறைக்கு ஒன்று. வெளிப்புறம் மட்டும்தான் வர்ணம். முதல் தடவை எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவாமல் அவசரமாக அடித்தேன். இரண்டே வாரத்தில் தோல் உரிகிற மாதிரி உரிந்து வந்தது! மறுபடி சோப்புத் தண்ணீரில் கழுவி அடித்த பிறகுதான் நின்றது. திறந்தால் இன்னும் மிளகு வாசனை வருகிறது.

அந்த நடைவண்டி?

அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கட்டி வைத்தபோது என் கணவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்பா கையால் பெயிண்ட் அடித்த வண்டியாயிற்றே! பேசாமல் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டார்.

புது வண்டிக்குச் சொல்ல வந்த ஆசாரிதான் பழையதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மா, சக்கரத்துல பெயிண்டே இல்லையே!" என்றார். "ஆமாம், சக்கரத்துக்கு அப்பா அடிக்க மாட்டார். அச்சுல பிடிச்சுக்கும்னு சொல்வார்" என்று திண்ணையிலிருந்து குரல் வந்தது. ஆசாரி மூன்று சக்கரங்களையும் கழற்றி, நன்றாகக் கழுவி, ஒரு சுற்று இழைத்து, புது வேப்ப மரச் சட்டத்தில் மாட்டிக் கொடுத்தார். அதற்கு ஒரு சொட்டுப் பெயிண்ட் அடிக்கவில்லை. தேங்காய் எண்ணெய் தடவியதோடு சரி.

பேரன் அதைத் தள்ளிக்கொண்டு கூடத்தில் முதல் நாலு அடி வைத்தபோது, "அதே சத்தம்!" என்றார் என் கணவர்.