ஓர் எழுத்தால் வந்த சண்டை!

ஏசுநாதர் கடவுளா? கடவுளால் படைக்கப்பட்டவரா?

1,700 ஆண்டுகளுக்கு முன், ரோம சாம்ராஜ்யத்தையே இந்தக் கேள்வி உலுக்கியது.

எகிப்து நாட்டில் அலெக்சாந்திரியா என்று ஒரு நகரம். அங்கே ஆரியுஸ் என்ற பாதிரியார் இருந்தார். மகனைப் படைத்தவர் பிதா. ஆகவே மகன் பிதாவுக்குச் சமம் அல்ல என்று அவர் போதித்தார். அவருடைய பிஷப் அலெக்சாந்தர் அதை மறுத்தார். ஊர் இரண்டுபட்டது.

சக்கரவர்த்தி கூட்டிய சபை

சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் கவலைப்பட்டார். கி.பி. 325-ல், பிஷப்புகளை நைசியா என்ற ஊருக்கு அழைத்தார். (இன்று துருக்கியில் இருக்கும் இஸ்னிக்தான் அந்த ஊர்.)

"பிதாவும் மகனும் ஒரே தன்மை உள்ளவர்கள்" என்று அங்கே முடிவாயிற்று. ஆரியுஸ் நாடு கடத்தப்பட்டார்.

சண்டை தீர்ந்ததா? இல்லை!

ஒரே ஓர் எழுத்து

"ஒரே தன்மை" வேண்டாம். "ஒத்த தன்மை" என்று சொல்லலாம் என்று பிறகு சிலர் கிளம்பினார்கள். கிரேக்க மொழியில் இந்த இரண்டு சொற்களுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம்!

ஆனால், அந்த ஓர் எழுத்தில் ஏசு யார் என்பதே அடங்கி இருந்தது. அதனால் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. நைசியா முடிவை ஆதரித்த அலெக்சாந்திரியா பிஷப் அத்தனாசியுஸ், 5 முறை ஊரைவிட்டுத் துரத்தப்பட்டார்.

கி.பி. 381-ல், கான்ஸ்டான்டிநோபிள் நகரில் பிஷப்புகள் கூடி, நைசியா முடிவை உறுதி செய்தார்கள். உலகம் எங்கும் பல கிறிஸ்தவ ஆலயங்களில், அந்த முடிவைக் கொண்ட விசுவாச அறிக்கையை மக்கள் இன்றும் சொல்கிறார்கள்.