ஆறாவது எண் சொல்லும் பாடம்

சென்ற பருவத் தேர்வில் ஒரு சூத்திரத்தை நிரூபிக்கும்படி கேட்டிருந்தார்கள். எங்களில் பலர் மூன்று எண்களைப் போட்டுப் பார்த்து, சரியாக வந்ததும், "ஆகவே நிரூபிக்கப்பட்டது" என்று எழுதிவிட்டோம். கணித ஆசிரியை அவ்வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார். எங்களுக்கு வருத்தந்தான். ஆனால் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297 என்னும் எண்ணின் கதையை அறிந்தபின் அவ்வருத்தம் நீங்கிவிட்டது.

இவ்வெண் பிறப்பது எப்படி? 2-இன் வர்க்கம் 4. அதன் வர்க்கம் 16. இவ்வாறே 256, 65536, 4294967296 என்று வளரும். 2 முதல் இவை ஒவ்வொன்றுடனும் 1-ஐக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537, 4294967297 கிடைக்கும். முதல் ஐந்தும் பகா எண்கள். அதாவது 1-ஆலும் தம்மாலும் அன்றி வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாதவை.

பிரான்சு நாட்டில் நீதிமன்றப் பணியில் இருந்துகொண்டே கணிதத்தில் புகழ்பெற்றவர் பெர்மா. இவ்வரிசை எவ்வளவு நீண்டாலும் பகா எண்களே வரும் என்று 1640-இல் அவர் நம்பினார். அதற்கு நிரூபணம் தம்மிடம் இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. 1729-இல் கோல்ட்பாக் என்பவர் இதுபற்றி ஆய்லருக்குக் கடிதம் எழுதினார். 1732-இல், 25 வயதே ஆன ஆய்லர், ஆறாவது எண் 641-ஆல் வகுபடும் என்று காட்டினார். ஈவு 6700417, மீதி இல்லை!

641-ஐக் கண்டுபிடிப்பது எளிதா? பகா எண்களை 2, 3, 5 என்று வரிசையாக எடுத்து வகுத்தால், 641 வருவது 116-ஆவது இடத்தில். ஆனால் இவ்வெண்ணை வகுக்கும் பகா எண், 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகவே இருக்க முடியும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே விடை! நாங்களும் பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து வகுத்துப் பார்த்தோம். கடைசியில் மீதி பூச்சியம் என்று வந்தபோது எங்கள் மகிழ்ச்சிக்கு அளவில்லை.

இன்னும் ஒரு விந்தை. முதல் ஐந்து எண்களையும் ஒன்றோடொன்று பெருக்கி 2-ஐக் கூட்டினால், இதே 4294967297 வருகிறது. ஆகவே அவ்வைந்தில் 3 நீங்கலாக எதனால் வகுத்தாலும் மீதி 2; 3-ஆல் வகுத்தாலும் அதே 2 தான்!

ஆறாவது எண்ணுக்கு அப்பால் இவ்வரிசையில் ஒரு பகா எண்கூட இதுவரை அகப்படவில்லை. இனி அகப்படவே மாட்டாது என்று நிரூபித்தவரும் இல்லை.

தோழியரே, ஐந்து முறை சரியாக வந்தது ஆறாம் முறை பொய்த்தது. பெரியவர் சொன்னாலும் சோதித்துப் பார்ப்பது அவரை அவமதிப்பதாகாது. தெரியாததைத் தெரியாது என்று சொன்ன பெர்மாவின் நேர்மையும், வகுத்துப் பார்த்த ஆய்லரின் உழைப்பும் நமக்கு வேண்டும். அடுத்த தேர்வில், "ஆகவே நிரூபிக்கப்பட்டது" என்று எழுதுமுன் சற்று நிதானிப்போம்!

— பத்தாம் வகுப்பு மாணவி